காய்கறி விதை யார் கையில்?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், தாவரவியல்)

உழவுக்கு முதல் தேவை நிலம் என்பார் சிலர். நீர் என்பார் சிலர். உழைப்பு என்பார் வேறு சிலர். மூன்றும் உண்மையே. ஆயினும் நிலமும் நீரும் உழைப்பும் ஒருங்கே அமைந்தும், கையில் விதை இல்லையேல் அந்த நிலம் தரிசுதான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் முன்னோர் சொன்ன காலத்தில் தேட வேண்டியது பட்டத்தை மட்டுமே. விதை வீட்டுப் பானையில் இருந்தது. இன்றோ பட்டம் நாட்காட்டியில் இருக்கிறது. விதையைத்தான் கடைகடையாகத் தேட வேண்டியிருக்கிறது.

"பெரம்பூரில் வாழும் நமக்கு விதையைப் பற்றி என்ன கவலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம்மைச் சுற்றி ரயில் பணிமனைகளும் ஆலைகளும் துறைமுகமும் இருக்கின்றன. ஏரும் கலப்பையும் இல்லை. ஆனால் நாம் நாள்தோறும் உண்ணும் கத்தரியும் வெண்டையும் பணிமனையில் வார்க்கப்படுபவை அல்லவே! நமக்கு வடக்கே சோழவரம், பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி என்று உழவர்கள் வாழும் ஊர்கள் உள்ளன. அங்கே உழவர் எந்த விதையைப் போடுகிறாரோ அதன் பயனே நம் உலையில் வேகிறது. எனவே விதை உழவரின் சிக்கல் மட்டும் அன்று. உண்பவர் அனைவரின் சிக்கல். இதை மனத்தில் வைத்து, இயற்கை முறையில் காய்கறி விதை விளைவிப்பதைப் பற்றி என் கருத்துகளை மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

இயற்கைக் காய்க்கு எந்த விதை?

இன்று 'இயற்கைக் காய்கறி' என்னும் பலகையைச் சென்னையின் பல தெருக்களில் காண்கிறோம். பூச்சிமருந்து தெளிக்காமல், செயற்கை உரம் இடாமல் விளைந்தவை என்பது அதன் பொருள். நல்ல முயற்சிதான். ஆனால் அந்தச் செடி எந்த விதையிலிருந்து முளைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கடையில் விற்கும் காய்கறி விதைகள் பல, இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் பூசப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அன்று. பூஞ்சாணக் கொல்லி மருந்து கலந்திருக்கிறது, இதை உண்ணக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. இயற்கை உழவின் முதல் படியிலேயே மருந்து வந்து நிற்கிறது.

நம் நாட்டின் தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டத்தின் விதிகள் இதை எண்ணிப் பார்த்தே எழுதப்பட்டுள்ளன. இயற்கை முறையில் விளைந்த விதையைத்தான் பயன்படுத்த வேண்டும். அது கிடைக்காதபோது மருந்து கலக்காத சாதாரண விதையைப் பயன்படுத்தலாம் என்கின்றன அவ்விதிகள். விலக்கு என்று எழுதப்பட்டது நடைமுறையில் பெருவழக்காகி விடுகிறது. ஏன்? இயற்கை முறையில் காய்கறி விளைவிப்போர் இருக்கின்றனர். இயற்கை முறையில் காய்கறி விதை விளைவிப்போர் மிகச் சிலரே. தமிழக அரசு 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. விதைச்சான்றுக்கும் அங்ககச்சான்றுக்கும் சேர்த்து ஒரே துறையும் நம் மாநிலத்தில் இயங்குகிறது. கொள்கையும் உண்டு, துறையும் உண்டு. விதைதான் வேண்டும்.

நெல்லுக்கு நடந்தது காய்க்கு ஏன் நடக்கவில்லை?

விதை மீட்பு என்றதும் தமிழ்நாட்டில் எவர்க்கும் இரு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒருவர் 2013 டிசம்பர் 30இல் மறைந்த கோ. நம்மாழ்வார். மற்றவர் 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், வரும் உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுப்பர். அவர் அதை விளைவித்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ வேறு இருவர்க்குப் போகும். வட்டி கேட்ட கடன்தான். ஆனால் அந்த வட்டி ஊரை வாழவைத்த வட்டி. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் மீண்டும் வயலேறியது இவ்வாறுதான்.

அதே முறையைக் காய்கறிக்கும் செய்யலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் தாவரவியல் படிக்கும் நாம் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். நெல்லுக்கும் காய்கறிக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நெல்லில் உண்பதும் மணிதான், விதைப்பதும் மணிதான். முற்றிய பின்னரே அறுவடை. ஆகவே நெல் விளைவிப்பவர் அனைவரும் விதையையும் சேர்த்தே விளைவிக்கிறார். காய்கறியில் அப்படி அன்று. நாம் பறிப்பது பிஞ்சை. வெண்டைக்காயைப் பூத்த ஒரு வாரத்திற்குள் பறித்தாக வேண்டும். விதைக்கு வேண்டுமெனில் அதே காய் செடியிலேயே காய்ந்து நார் ஏற ஒரு மாதத்திற்கு மேல் ஆகும். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுத்து, சந்தையில் எவரும் வாங்காத நிலைக்கு வந்த பிறகே அதன் விதை முற்றுகிறது. அவ்வாறு முற்ற விட்டால் செடி தன் ஆற்றலை விதைக்கே செலவிடும். புதுப் பிஞ்சு குறையும். ஆக, விதைக்கு விட்ட செடி சந்தைக்கு உதவாது. சந்தைக்குப் பறித்த செடி விதைக்கு உதவாது. தக்காளி போன்ற ஒன்றிரண்டே விலக்கு.

இன்னொரு வேறுபாடு மகரந்தச் சேர்க்கை. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும். தக்காளியும் அத்தகையதே. ஆனால் கத்தரியிலும் மிளகாயிலும் வெண்டையிலும் தேனீக்கள் ஓரளவு கலப்பை உண்டாக்கும். பூசணி, பீர்க்கு, பாகல் ஆகிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வண்டும் தேனீயும் இல்லையேல் காயே இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பூசணியின் மகரந்தம் நம் பூசணியில் சேர்ந்தால் இந்த ஆண்டுக் காயில் மாற்றம் தெரியாது. அதன் விதையை அடுத்த ஆண்டு போடும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவேதான் சான்று விதைக்குத் தக்காளியில் 25 மீட்டர், கத்தரியில் 100 மீட்டர், வெண்டையில் 200 மீட்டர் என்று விலகு தூரம் வகுத்துள்ளனர். கொடிக்காய்களுக்கு இன்னும் அதிகம். அரை ஏக்கர் வைத்திருக்கும் உழவர் இந்தத் தூரத்துக்கு எங்கே போவார்? இதுவே காய்கறி விதை உழவர் கையை விட்டு நழுவியதற்கு முதற் காரணம். அவர் சோம்பியதால் அன்று. ஒருவர் தனியாகச் செய்ய முடியாத வேலையாக அது இருப்பதால்.

கலப்பினம் பற்றி இரு பொய்கள்

நாட்டு விதையைப் போற்றுவோரிடையே இரண்டு செய்திகள் உலவுகின்றன. இரண்டும் தவறு. நல்ல நோக்கத்துக்காகவும் பொய் சொல்லக் கூடாது என்பதால் அவற்றை இங்கே எடுத்துரைக்கிறேன்.

முதலாவது, 'கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை முளைக்காது' என்பது. முளைக்கும், நன்றாகவே முளைக்கும். ஆனால் தாயைப் போல் இராது. மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வை நாம் படிக்கிறோம் அல்லவா? முதல் தலைமுறையில் ஒரே சீராக நின்ற செடிகள் இரண்டாம் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்று பிரிந்தன. வயலிலும் நடப்பது அதுவே. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்று உருண்டை, ஒன்று நீளம். சந்தைக்கு ஒரே சீரான காய் வேண்டும். எனவே உழவர் ஒவ்வோர் ஆண்டும் கடைக்குப் போகிறார். பூட்டு விதையில் இல்லை. பிரிதல் விதியில் இருக்கிறது.

இரண்டாவது, 'கலப்பினம் என்றால் மரபணு மாற்றம்' என்பது. இதுவும் தவறு. கலப்பினம் என்பது ஒரே இனத்தின் இரு வகைகளை மகரந்தம் மாற்றிச் சேர்ப்பது. மரபணு மாற்றப் பயிர் வேறு. நம் நாட்டில் 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி அவ்வகையினது. பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரி 9ஆம் நாள் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இடைக்காலத் தடை அறிவித்தார்.

கலப்பினத்தால் பயனே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அதிக விளைச்சல், ஒரே சீரான காய், சில நோய்களைத் தாங்கும் திறன் ஆகியவை உண்மை. மஞ்சள் நரம்புத் தேமல் நோயால் ஒரு முறை வெண்டைப் பயிரை முழுவதும் இழந்த உழவர், அந்நோயைத் தாங்கும் விதையைத் தேடிப் போவதைக் குறை கூற நாம் யார்? என் குறை வேறு. உழவர்க்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டதே என்பதுதான். விரும்பி வாங்குவது வேறு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது வேறு.

அதுபோலவே, பழையது என்பதற்காக மட்டும் ஒரு விதையைத் தலையில் வைத்துக் கூத்தாடவும் வேண்டா. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளியும், பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பி.எல்.ஆர். 1 கத்தரியும் நம் வேளாண் பல்கலைக்கழகம் மக்கள் பணத்தில் உருவாக்கிய வகைகள். அவை கலப்பினம் அல்ல. அவற்றின் விதையை எடுத்து மீண்டும் போடலாம். தாய் போலவே பிள்ளை வரும். 'நாட்டு விதை மட்டுமே' என்போரும் 'கலப்பினம் மட்டுமே' என்போரும் தத்தம் குரலை உயர்த்தும்போது இந்த நடுவழி காதில் விழாமல் போகிறது. உழவர் தாமே எடுத்து வைக்கக்கூடிய விதை எதுவாயினும், அது நூறாண்டுப் பழமையாயினும் நேற்று ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததாயினும், இயற்கை முறையில் பெருக்கத் தக்கதே என்பது என் கருத்து.

செய்து காட்டியவர்கள்

முடியுமா என்று ஐயுறுவோர்க்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஆரோவில்லில் தீபிகா குந்தாஜியும் பெர்னார்ட் டெக்லர்க்கும் 1994இல் 'பெப்பிள் கார்டன்' என்னும் தோட்டத்தைத் தொடங்கினர். பெயருக்கேற்ப அது கூழாங்கல் நிலம். மேல்மண் முழுவதும் மழையில் அரித்துப் போன செம்பூமி. வெளியிலிருந்து எருவும் வாங்காமல், கூலிக்கு ஆளும் வைக்காமல், அங்கேயே மரம் வளர்த்து அதன் இலைதழையால் மண்ணை உண்டாக்கி, அருகி வரும் காய்கறி வகைகள் பலவற்றை வளர்த்து விதை எடுத்தனர். தீபிகா குந்தாஜி மத்திய அரசின் நாரி சக்தி விருது பெற்றவர். வளமான ஆற்றங்கரையில் இதைச் செய்திருந்தால் வியப்பில்லை. ஒன்றும் விளையாது என்று கைவிட்ட நிலத்தில் செய்ததே பாடம்.

சென்னையிலேயே சி.ஐ.கே.எஸ். எனப்படும் இந்தியப் பாரம்பரிய அறிவியல் மையம் 1995 முதல் இயங்கி, உழவர்களுடன் சேர்ந்து நெல், காய்கறி விதைகளைக் காக்கும் பணியைச் செய்து வருகிறது. கர்நாடகத்தில் சகஜ சம்ருத்தா என்னும் இயற்கை உழவர் அமைப்பின் முயற்சியால், உழவர்கள் விளைவித்த விதை 'சகஜ சீட்ஸ்' என்னும் பெயரில் விற்பனைக்கு வருகிறது. இவற்றில் ஒரு பொதுக்கூறு உண்டு. விதை ஒருவர் கையில் இல்லை. ஒரு குழுவின் கையில் இருக்கிறது. ஒருவர் கத்தரி, ஒருவர் அவரை, ஒருவர் பீர்க்கு என்று பிரித்துக்கொண்டால் விலகு தூரச் சிக்கல் பாதி தீர்ந்தது.

சட்டமும் உழவர்க்குத் துணை நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உரிமை தருகிறது. பதிவு பெற்ற வகையின் விதையை வணிகப் பெயரிட்ட உறையில் விற்பதற்கு மட்டும் தடை உண்டு. 2019இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு உழவர்கள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, அதை அறிந்தவர் இருந்தால்தான் அது உயிர்பெறும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

ஒரு சென்ட் கணக்கு

இப்போது ஒரு சிறு கணக்கு. ஓர் எக்டர் நிலத்தில் கத்தரி பயிரிட ஏறத்தாழ 400 கிராம் விதை போதும். விதைக்கென்றே வளர்த்த கத்தரியில் எக்டருக்கு 100 கிலோ விதை கிடைக்கும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 கிராம். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக ஒரு சென்ட் கத்தரியிலிருந்து 400 கிராம் விதை. அதாவது ஒரு சென்ட் நிலம் ஓர் எக்டருக்கு, ஏறத்தாழ 250 சென்டுக்கு விதை தரும்! இரண்டடி இடைவெளியில் நட்டால் ஒரு சென்டில் சுமார் 110 செடிகள். அந்த 110 செடிகளை ஒழுங்காகக் காக்கத் தெரிந்த ஒருவர், பொன்னேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஓராண்டுக் கத்தரி விதைத் தேவையையே நிறைவு செய்துவிடலாம்.

எல்லாக் காய்க்கும் இக்கணக்குப் பொருந்தாது. வெண்டைக்கு எக்டருக்கு 8 கிலோ அளவில் விதை வேண்டும். ஆயினும் இக்கணக்கு ஓர் உண்மையைச் சொல்கிறது. காய்கறி விதைக்குத் தட்டுப்பாடு நிலத்தால் வந்ததன்று. அறிவாலும் பொறுப்பாலும் நம்பிக்கையாலும் வந்தது. 110 செடிகளில் எது கலவன் என்று பார்த்துப் பிடுங்கத் தெரிய வேண்டும். நோய் தாக்கிய செடியின் விதையை ஒதுக்கத் தெரிய வேண்டும். 'இது முளைக்கும்' என்று வாங்குபவர் நம்பும்படி சொல்ல ஒருவர் வேண்டும்.

ஏட்டறிவும் வீட்டறிவும்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் ஆயா கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஆனால் விதை வைக்கத் தெரிந்தவர். பீர்க்கங்காயைக் கொடியிலேயே நெற்றாக விட்டு அடுப்படிப் புகையில் கட்டித் தொங்கவிடுவதும், பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்புவதும், அவரை விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் இடுவதும் அவர் ஊர் வழக்கம். "ஈரம் போவக் காயவெச்சி மூடி வெய்யி, ரெண்டு வருசம் தாங்கும்" என்பார்.

ஹாரிங்டன் என்னும் விதை அறிஞரின் விதி என்ன சொல்கிறது? விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும்; சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். கத்தரி, தக்காளி விதைக்கு ஈரம் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது சான்றுத் தரம். ஆயா சொன்னதும் ஹாரிங்டன் சொன்னதும் ஒன்றே. ஆனால் ஆயாவின் சொல் அவர் வாழ்ந்த தெருவோடு நின்றுவிட்டது. எழுதப்படவில்லை, எண்ணால் அளக்கப்படவில்லை. எனவே கடைக்காரர் உறையில் அச்சிட்ட எண்ணுக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லாமல் போயிற்று. நம்மைப் போல் உழைக்கும் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்தோர் இக்கல்லூரியில் பலர். நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்ததைக் கேட்டு, ஆய்வுக்கூடத்தில் சோதித்து, சரியானதை எழுதி வைப்பதும், தவறானதை ஒதுக்குவதும் நம் கடமை அன்றோ? அதைச் செய்யாமல் பட்டம் பெற்றுச் சென்றால், படிப்பு நம்மை நம் வீட்டிலிருந்து பிரித்ததாகுமே தவிர உயர்த்தியதாகாது.

நம் கல்லூரி என்ன செய்யலாம்?

என் கோரிக்கைகள் மிகச் சிறியவை.

முதலாவது, கல்லூரி வளாகத்தில் ஒரு சென்ட் நிலம். ஓர் ஆண்டில் ஒரே ஒரு காய், ஒரே ஒரு வகை. பல வகைகளைக் கலந்து நட்டுப் பெருமை பேசினால் விதை கலந்துவிடும். நகரின் நடுவே ஒரு வசதியும் உண்டு: சுற்றிலும் காய்கறி வயலே இல்லாததால் விலகு தூரம் எளிதாகக் கிடைக்கிறது. மாடித் தோட்டம் வைத்திருக்கும் வீடுகள் அருகில் இருந்தால், மொட்டிலேயே மெல்லிய மல் துணிப்பை கட்டிவிடலாம். கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும்.

இரண்டாவது, முளைப்புத் திறன் சோதனை. இதற்குப் பெரிய கருவி வேண்டா. எண்ணிய 100 விதைகளை ஈரத்தாளில் வைத்து, கத்தரி, தக்காளியாயின் 14 நாள் வரை எண்ண வேண்டும். 70 முளைத்தால் சான்றுத் தரத்துக்கு இணை. மிளகாய்க்கு 60. நம் பகுதி உழவர்கள் தாங்கள் எடுத்த விதையை அனுப்பினால் தாவரவியல் மாணவர்கள் சோதித்து முடிவை எழுதி அனுப்பலாம். அரசின் விதைப் பரிசோதனை நிலையங்கள் கட்டணத்துக்கு இதைச் செய்கின்றன. நம் சோதனை அவர்கள் சான்றுக்கு மாற்று ஆகாது. உழவர் செலவு செய்யும் முன் அறிந்துகொள்ள ஒரு முன்னோட்டம் ஆகும்.

மூன்றாவது, இரண்டாம் படி வைத்தல். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நாம் மறக்கவில்லை. வீட்டுக்குள் நீர் புகுந்தால் முதலில் நனைவது பானையில் உள்ள விதை. ஓர் உழவர் குழுவின் விதையில் ஒரு பிடி, உலர்த்தி மூடிய புட்டியில் கல்லூரி மேல்மாடியில் இருந்தால், ஊரில் இழந்ததை இங்கிருந்து மீட்கலாம். நார்வே நாட்டின் சுவால்பார்டில் 2008இல் திறந்த உலக விதைப் பெட்டகத்தின் நோக்கமும் இதுவே. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு நகரம் முற்றுகையிடப்பட்டபோது, வாவிலோவ் திரட்டிய விதைகளைக் காத்த விஞ்ஞானிகளில் சிலர், தானியத்தின் நடுவே இருந்தும் அதை உண்ணாமல் பட்டினியால் மடிந்தனர். அத்தகைய தியாகத்தை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் போதும்.

மறுப்புகளுக்கு விடை

"வடசென்னையின் மண்ணும் நீரும் இயற்கை விதைக்கு ஏற்றவையா?" என்று கேட்கலாம். இதுவே வலிமையான மறுப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைக் கண்டோம். ஆலைப் புகைக்கும் சாம்பலுக்கும் நடுவே வாழ்கிறோம். மேலும், மண் நன்றாகவே இருந்தாலும் ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டாண்டு மாறுகாலம் கழிந்த பின்னரே அங்ககச் சான்று கிடைக்கும். எனவே நம் வளாக விதையை 'இயற்கை விதை' என்று முத்திரையிட்டு விற்க நான் சொல்லவில்லை. அதைத் தாய் விதையாகக் கொண்டு, சான்று பெற்ற உழவர் தம் நிலத்தில் பெருக்கட்டும் என்கிறேன். வார்ப்படப் பட்டறையில் வேலை செய்யும் தந்தையரைக் கேட்டுப் பாருங்கள்: மர அச்சு ஒன்று சரியாக இருந்தால் ஆயிரம் வார்ப்பும் சரியாக இருக்கும், அச்சில் பிழை இருந்தால் ஆயிரமும் பிழை. தாய் விதை என்பது அந்த அச்சு. அச்சைக் காப்பதே நம் வேலை. வார்ப்பது உழவர் வேலை.

"இயற்கை விதையில் விளைச்சல் குறைந்தால் உழவர் என்ன செய்வார்?" என்பது அடுத்த மறுப்பு. குறையலாம். ஆகவே எவரும் முழு நிலத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டா. ஒரு பாத்தியில் போடட்டும். செலவையும் வரவையும் எழுதிப் பார்க்கட்டும். பயன் இருந்தால் அடுத்த ஆண்டு பெருக்கட்டும். வேலூரின் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் சுவையை நாடி வாங்குவோர் இருப்பதால்தான் அக்கத்தரி இன்றும் வயலில் நிற்கிறது. உண்பவர் கேட்டால் விளைவிப்பவர் வைப்பார். மூக்குத்தி அவரை என்று ஒன்று உண்டு. பெயர்தான் அவரை, குடும்பமோ நாம் வேலியில் காணும் தாளிக்கொடியின் குடும்பம். அதைச் சமைத்து உண்ணும் வீடுகள் அருகினால் அதன் விதையும் அருகும். இவ்வகையில் பெரம்பூரில் காய் வாங்கும் நம் தாய்மார்களும் விதையைக் காப்பவர்களே.

"இது வேளாண் கல்லூரியின் வேலை, கலைக் கல்லூரிக்கு எதற்கு?" என்பது கடைசி மறுப்பு. மகரந்தச் சேர்க்கையைப் படிப்பது நாம். மரபியலைப் படிப்பது நாம். விதை உறக்கத்தைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவது நாம். அறிந்ததைத் தேர்வுத் தாளில் மட்டும் விதைத்தால் மதிப்பெண் விளையும். மண்ணில் விதைத்தால் காயும் விளையும்.

நண்பர்களே! அரசு விதை தரட்டும் என்று காத்திருப்பதும், நிறுவனங்களைப் பழித்துக்கொண்டே அவர்கள் உறையை வாங்குவதும் நமக்குப் பழகிவிட்டன. இரண்டும் வேண்டா. அரசின் கடமையை அரசுக்கு நினைவூட்டுவோம்: பி.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 போன்ற மக்கள் வகைகளை இயற்கை முறையில் பெருக்கி, மருந்து கலவாத விதையாக உழவர் குழுக்களுக்கு வழங்குமாறு கேட்போம். அதே நேரத்தில் நம் பங்கைச் செய்வோம். பேராசிரியப் பெருமக்களை நான் பணிவுடன் வேண்டுவது, வரும் ஆடிக்கு முன் ஒரு சென்ட் நிலத்தை அளந்து தாருங்கள் என்பதே. மண்வெட்டி பிடிக்க இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். முதல் விளைச்சலின் விதையைச் சோழவரத்து உழவர் ஒருவர் கையில் கொடுத்து, 'இரண்டாகத் திருப்பித் தாருங்கள்' என்று கேட்போம். அவர் திருப்பித் தருவதை நமக்கு அடுத்து வரும் மாணவர்கள் பெற்றுக்கொள்ளட்டும்.